மில் வேன் தாண்டும் எல்லையை டவுன் பஸ் ஏன் தாண்டுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து கொச்சி வரைக்கும் ஒரே பெருநகரமாக வளர்ந்துவிட்டது, நடுவில் இருக்கும் மாநில எல்லை பெயரளவுக்குத்தான் என்ற பேச்சு கொஞ்ச காலமாகவே அடிபடுகிறது. தொழில் அமைப்புகளின் கூட்டங்களில் பேசுகிறார்கள். மனை விற்கிறவர்கள் நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். நான் அந்த எல்லையிலேயே குடியிருக்கிறவள். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. வேலை கோவை கணபதியில், மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் கடைகிற ஒரு பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று சொல்ல எனக்கும் உரிமை உண்டு என்று நினைத்து எழுதுகிறேன்.

கோவையும் பாலக்காடும் ஒரே ஊர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது தனியார் வண்டிக்கும் காசுக்கும் மட்டும் ஒரே ஊராக இருக்கிறது. அரசாங்கம் நடத்துகிற எதற்கும் இன்னும் இரண்டு ஊர்தான். கொச்சியை இந்தக் கணக்கில் சேர்ப்பது தனிக் கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

காலை ஆறு மணிக்கு எங்கள் ரோட்டில் நின்றால் யாரும் இதைப் பார்க்கலாம். முதலில் மில் வேன்கள் வரும். தமிழ்நாட்டுப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களுக்கு எருத்தேம்பதி, வடகரப்பதி ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். அடுத்து கோவை இன்ஜினியரிங் கல்லூரிகளின் மஞ்சள் பஸ்கள். அப்புறம் பள்ளிக்கூட வேன்கள், பால் வண்டிகள். எதிர்ப்பக்கமாக, பைக்கில் டிபன் கேரியர் தொங்க கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்குப் போகிற ஆட்கள். இதில் ஒரு வண்டிகூட எல்லையில் நிற்காது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் பக்கத்து ஜனங்கள் போவது ஒப்பணக்காரத் தெருவுக்கு. இருதய ஆபரேஷன், பிரசவத்தில் சிக்கல் என்றால் கோவை ஆஸ்பத்திரிக்கு. வளைகுடாவில் வேலை பார்க்கிற பாலக்காட்டுக்காரர்கள் பலர் வந்து இறங்குவது பீளமேடு விமான நிலையத்தில், ஏனென்றால் அவர்களுக்கு அதுதான் பக்கம். ஓணத்துக்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், பொங்கலுக்குப் பாலக்காடு மாவட்டத்தில் விடுமுறை விடுகிறார்கள். பண்டிகை நாளில் இரண்டு அரசுகளும் எங்களை ஒரே ஊராக மதிப்பதற்கு நன்றி. மிச்ச நாட்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கோவை டவுன் பஸ் வேலந்தாவளம் வரைக்கும் வரும். அங்கே திருப்பிக்கொண்டு போய்விடும். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தத் திட்டம் எனக்கும் எவ்வளவோ உதவியிருக்கிறது, கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்காமல் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். வேலந்தாவளத்தில் இறங்கி, எல்லையை நடந்து கடந்து, கேரளத்துப் பிரைவேட் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். அங்கே குறைந்த கட்டணம் 10 ரூபாய். பட்டறையில் மாதக் கடைசி வேலை முடிந்து கொஞ்சம் தாமதமாகிவிட்டால் அந்தப் பஸ்ஸும் இருக்காது. ஆட்டோக்காரரைக் கேட்டால், தமிழ்நாட்டு ஆட்டோ அந்தப் பக்கம் வரப் பர்மிட் இல்லை என்பார், அது அவருடைய தப்பு இல்லை. அதனால் நானும் என்னைப் போன்ற பல பெண்களும் வேலந்தாவளத்தில் ஒரு ஷெட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் போகிறோம். ஸ்கூட்டர் வாங்க முடியாதவர்கள் மில் வேன் வருகிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்துகொள்கிறார்கள். மில் வேன் எந்த மில்லுடையதோ அந்த மில்லில்தான் வேலை. நாலு காசு கூடக் கிடைக்கும் என்று வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் வேன் இல்லை. ஒரே தொழிற்பகுதி என்று பேசுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போய்வர முடிந்தால்தான் அது ஒரு நகரம். ஒரே ஒரு மில்லுக்கு மட்டும் போய்வர முடிந்தால் அதை எப்படி நகரம் என்பது?

அந்த டவுன் பஸ்ஸை இன்னும் சில கிலோமீட்டர் நீட்டிக் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் விட்டால் என்ன என்று நாங்கள் கேட்காத ஆள் இல்லை. இரண்டு மாநிலங்களுக்கு இடையே பஸ் ஓடுவது ஒப்பந்தப்படி நடக்கிறது. எந்தத் தடத்தில் எத்தனை வண்டி, ஒருவர் மற்றவர் மாநிலத்துக்குள் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பதெல்லாம் இரண்டு பக்கமும் சமமாக வரும்படி பேசி முடித்து, அரசிதழில் வெளியிட்டு, அப்புறம்தான் பர்மிட். கிடைக்கிற கிலோமீட்டரை திருச்சூர், குருவாயூர், எர்ணாகுளம் என்று வசூல் வருகிற நெடுந்தூரத் தடங்களுக்கு வைத்துக்கொள்வது எந்தப் போக்குவரத்து அதிகாரிக்கும் இயல்பாகத் தோன்றும். வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்களுக்கு அந்தக் கணக்கில் இடமே வருவதில்லை. இந்த ஏற்பாட்டில் பஸ் என்பது ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் பயணம் போகிறவருக்கு உண்டு. தினமும் வேலைக்குப் போய்வருகிறவருக்கு என்று அதில் ஒரு வரியும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இரண்டு மாநிலங்களுக்கு நடுவே நிறுத்திய பஸ் மறுபடி ஓடியது 2021 டிசம்பர் 1ஆம் தேதி. இருபது மாதம். ஊரடங்கு தளர்ந்து கோவைக்குள் டவுன் பஸ் ஓடியது, பாலக்காட்டுக்குள்ளும் பஸ் ஓடியது, நடுவில் மட்டும் ஓடவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு ஒரு பக்கம் இ-பாஸ், இன்னொரு பக்கம் பரிசோதனைச் சான்று. நோய்க்குப் பயந்து கட்டுப்பாடு போட்டதை நான் குறை சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது தேவையாக இருந்தது. ஆனால் ஒரு நகரத்தின் பாதியை இன்னொரு பாதியிலிருந்து இருபது மாதம் பிரித்து வைத்திருந்தார்கள், அதை ஒரு நகரத்தைப் பிரிப்பதாக யாரும் பேசவே இல்லை. இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் போக்குவரத்து நின்றிருக்கிறது என்றுதான் பேசினார்கள். எனக்கு அப்போது பாதிச் சம்பளம். எங்கள் தெருவில் இரண்டு பெண்களுக்கு வேலையே போய்விட்டது.

சரக்குக்கு இந்தப் பாடு எப்போதோ தீர்ந்துவிட்டது. வாளையார் செக்போஸ்டில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலை 1ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் விற்பனை வரிச் சோதனை போனது, லாரி நிற்காமல் போகிறது. அந்த வருடம் எங்கள் பட்டறைக் கணக்கிலேயே வித்தியாசம் தெரிந்தது, திருச்சூருக்கு அனுப்பிய பெட்டி மறுநாளே போய்ச் சேர்ந்தது. இப்போது கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடம் என்று ஒன்று வருகிறது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. பெரும்பகுதி கஞ்சிக்கோட்டை ஒட்டி, மொத்தம் 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். வரட்டும், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். 2015இல் தொடங்கிய ஐஐடியும் அங்கேதான் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தத் தொழில் நகரத்துக்கு கோவையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் எங்கள் கிராமங்களிலிருந்தும் ஆட்கள் எப்படி வருவார்கள் என்பதற்கு ஏற்பாடு எங்கே? இப்போதே சொல்லிவிடலாம், அதற்கும் கம்பெனி வேன்தான் வரும்.

ரயிலைப் பார்ப்போம். கோவையிலிருந்து பாலக்காடு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். இரட்டைப் பாதை, மின்பாதை, சென்னையிலிருந்து கேரளத்துக்குப் போகிற பெரும்பாலான ரயில்கள் இந்த வழிதான். 2007 நவம்பரில் சேலம் கோட்டம் பிரிகிற வரைக்கும் கோவை ஜங்ஷனே பாலக்காடு கோட்டத்தில்தான் இருந்தது. பிரித்தது சரியா தப்பா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் அதற்கு அப்புறம் கோவை–பாலக்காடு லோக்கல் ரயில் என்பது ஒரு கோட்டத்தின் தலைவலியாகவும் இல்லை, இன்னொரு கோட்டத்தின் தலைவலியாகவும் இல்லை. காலையில் வேலைக்குப் போகிற நேரத்துக்கும் சாயங்காலம் திரும்புகிற நேரத்துக்கும் அரை மணிக்கு ஒரு மெமு (குறுந்தூர மின்ரயில்) ஓடினால் இந்த இரண்டு ஊரின் வாழ்க்கையே மாறும். ஓடுவது ஒன்றோ இரண்டோ. மிச்சமெல்லாம் நெடுந்தூர வண்டி. 2025 நவம்பரில் எர்ணாகுளம்–பெங்களூரு வந்தே பாரத் வந்தது, பாலக்காட்டிலும் நிற்கிறது, கோவையிலும் நிற்கிறது. நல்ல வண்டி. கணபதியில் லேத் ஓட்டுகிறவர் தினமும் ஏறுகிற வண்டி அது இல்லை.

பொள்ளாச்சி–பாலக்காடு பாதையின் நிலைமை இன்னும் வருத்தம். புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர்களின் வழியே போகிற பாதை. மீட்டர்கேஜ் காலத்தில் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகிறவர்களும், பாலக்காட்டுக்குப் பள்ளிக்கூடம், கோர்ட், ஆபீஸ் என்று போகிறவர்களும் அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தார்கள். 2008 கடைசியில் அகலப்பாதை ஆக்குவதற்காக மூடினார்கள். 2015இல் திறந்தார்கள். பாதை அகலமானது, ஆனால் பழைய பாசஞ்சர் வண்டிகள் அப்படியே திரும்பி வரவில்லை. இரவில் சென்னைக்குப் போகிற வண்டி, ராமேஸ்வரம் பக்கம் போகிற வண்டி, திருச்செந்தூர் வண்டி என்று தூரத்து ஊர்க்காரர்களுக்கு உண்டு. கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குக் காலை வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் தொங்குகிறார். முதலமடை ஸ்டேஷனின் ஆலமரங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். அந்த ஊர்க்காரருக்கு ஏறிக்கொள்ள வண்டி வேண்டும்.

பண்டிகையை விட்டால் தண்ணீரில் மட்டும் இரண்டு அரசுகளும் எங்களை ஒரே இடமாக நினைத்துச் செயல்படுகின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். கோவை குடிக்கிற சிறுவாணித் தண்ணீர் பாலக்காடு மாவட்டத்து மலையில் தேங்குகிறது. 1973இல் போட்ட ஒப்பந்தப்படி வருடத்துக்கு 1.3 டிஎம்சி. எங்கள் சித்தூர்த் தாலுகாவின் வயலுக்கு வருகிற தண்ணீர் ஆழியாற்றுப் பக்கமிருந்து வருகிறது. 1970இன் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி அளந்து விட வேண்டும். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் அவர்கள் குழாயில், அவர்கள் மாவட்டத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலில். சண்டை வராமல் இல்லை. வறட்சி வருடத்தில் மூலத்தறைத் தடுப்பணையில் தண்ணீர் வரவில்லை என்று எங்கள் பக்கம் மறியல் நடக்கும், சிறுவாணியில் மட்டத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று கோவையில் அறிக்கை வரும். ஆனால் உட்கார்ந்து பேச ஒரு மேஜை இருக்கிறது. இரண்டு மாநிலப் பொறியாளர்களும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தில் கூடி, எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு விடுவது என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே யாரும் இது இரண்டு மாநிலம், எங்களால் முடியாது என்று சொல்வதில்லை. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆம்புலன்ஸுக்கும் அப்படி ஒரு மேஜை கிடையாது.

ஆம்புலன்ஸ் என்று சும்மா சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு ராத்திரி மூச்சு வாங்கியது. போன் செய்தோம். எங்கள் வீட்டில் செல்போன் சில நேரம் இந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கும், சில நேரம் அந்தப் பக்கத்து டவரை. அன்றைக்கு அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போனது. எங்கள் இடம் அவர்கள் பட்டியலில் இல்லை. மறுபடி முயற்சி செய்து இந்தப் பக்கம் கிடைத்தபோது, அருகில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக முடியும் என்றார்கள். பெரியவருக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்த டாக்டர் கோவையில். கடைசியில் தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கேட்ட பணத்தைக் கொடுத்தோம். அது எல்லையில் வேகத்தைக் குறைக்காமல் போய்ச் சேர்ந்தது. பெரியவர் பிழைத்தார். அந்தப் பணம் வீட்டில் இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

படிப்பிலும் இதே கதைதான். சித்தூர்த் தாலுகாவில் அரசு தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன, என் மகளும் அதில்தான் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கூப்பிடு தூரத்தில் இருக்கிற கோவையில் அரசுக் கல்லூரியைக் கேட்டால் அவள் வெளிமாநிலத்துப் பெண். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அவளுக்கு இல்லை, எங்கள் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்று அங்கே சலுகைக்குச் செல்லாது. சட்டம் அப்படி, ஒவ்வொரு மாநிலமும் தன் பிள்ளைகளுக்கு ஒதுக்குவதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் தனியார் கல்லூரியில் போய் நின்றால் எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. கட்டணத்தை மட்டும் சொல்கிறார்கள். அவள் இப்போது அப்படித்தான் கோவையில் புள்ளியியல் படிக்கிறாள். வருகிற சம்பளத்தில் பெரும்பங்கு அதற்குப் போகிறது.

கொச்சிக்கு வருகிறேன். 2011 கணக்கெடுப்பில் கோவை நகரத்தொகுதி (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த ஊர்களும்) 21 லட்சத்துக்கு மேல், கொச்சியும் 21 லட்சத்துக்கு மேல், திருச்சூர் 18 லட்சத்துக்கு மேல், பாலக்காடு ஏறக்குறைய 3 லட்சம். இதையெல்லாம் கூட்டி அறுபது லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரே நகரம் என்கிறார்கள். கூட்டல் சரி, ஆனால் கூட்டினால் நகரம் ஆகிவிடாது. திருச்சூருக்கும் கொச்சிக்கும் நடுவில் சாலக்குடி, அங்கமாலி என்று வீடும் கடையும் விடாமல் வரும், அங்குள்ளவர்கள் தினமும் போய்வருகிறார்கள், அது ஒன்று என்றால் ஒப்புக்கொள்வேன். பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் நடுவில் குதிரான் மலை. 2021 ஜூலையில் குகைப்பாதை திறந்ததிலிருந்து போகிற நேரம் நன்றாகக் குறைந்திருக்கிறது. இருந்தும் கொழிஞ்சாம்பாறையிலோ கஞ்சிக்கோட்டிலோ இருந்து கொச்சிக்குத் தினசரி வேலைக்குப் போகிற ஒருவரை நான் பார்த்ததில்லை. உயர் நீதிமன்றத்தில் கேஸ், கம்பெனித் தலைமை அலுவலகம், துறைமுகம் என்று எப்போதாவது போகிறார்கள். கோவையிலிருந்து கொச்சி ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அது சரக்கு போகிற வழி. நல்ல வழிதான், ஆனால் சரக்கு போவதும் மனிதர் தினமும் போய்வருவதும் ஒன்றில்லை. கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு, சித்தூர் இந்த நான்கும்தான் எங்கள் அன்றாடம். பெரிய வட்டமாகப் போட்டுக் காட்டினால் முதலீடு வரும் என்று கொச்சியையும் சேர்த்துப் பேசுகிறவர்கள், அந்தப் பேச்சில் எங்களுடைய சின்ன வட்டம் காணாமல் போவதைக் கவனிப்பதில்லை.

எங்கள் வட்டம் கணக்கிலேயே இல்லை என்பதுதான் அடிப்படைப் பிரச்சினை. நம் கணக்கெடுப்பில் நகரத்தொகுதி என்றால் கட்டடங்கள் ஒன்றை ஒன்று ஒட்டி வளர்ந்திருக்க வேண்டும், மாநில எல்லையோடு அது நின்றுவிடும். டெல்லியைப் பாருங்கள். 1985இலேயே சட்டம் போட்டு ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பகுதிகளைச் சேர்த்துத் தலைநகர மண்டலம் அமைத்தார்கள். 2009இல் மெட்ரோ நொய்டாவுக்குப் போனது, 2010இல் குர்கானுக்கு. ஆனாலும் 2011 கணக்கில் நொய்டாவும் குர்கானும் டெல்லி நகரத்தொகுதிக்கு வெளியே. அங்கேயாவது திட்டமிட ஒரு வாரியம் இருக்கிறது, எங்களுக்கு அதுவும் இல்லை. 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது மக்கள்தொகையை ஒரு காரணமாகச் சொன்னார்கள், 2017 மெட்ரோ கொள்கை கேட்கிற 20 லட்சம் இல்லை என்று. கோவைக்காரர்கள் கோபப்பட்டார்கள். ஒரு எல்லை போட்டால் 16 லட்சத்துக்கு அருகில், இன்னொரு எல்லை போட்டால் 21 லட்சம். இந்த வாதம் நடந்தபோது, எல்லை தாண்டி வந்து அந்த ஊரின் லேத்தையும் தறியையும் ஆஸ்பத்திரி வார்டையும் ஓட்டுகிறவர்களை இரண்டு பக்கமும் யாரும் எண்ணவில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி பார்க்கிறார்களாம், மகள் பாடத்தில் வந்ததைச் சொன்னாள். ஒரு மாவட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களில் 25 விழுக்காட்டுக்குக் குறையாமல் பக்கத்துப் பெருநகர மையத்துக்குப் போய்வந்தால் அந்த மாவட்டம் அந்த நகரப் பகுதியோடு சேரும். நடுவில் காடு இருக்கிறதா, மாநில எல்லை இருக்கிறதா என்பது கேள்வி இல்லை. நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால் சித்தூர்த் தாலுகாவிலிருந்து கோவைக்கு எத்தனை பேர், மதுக்கரையிலிருந்து கஞ்சிக்கோட்டுக்கு எத்தனை பேர் என்று இன்று யாரும் அடித்துச் சொல்லலாம். இல்லாததால் அவரவருக்குத் தோன்றியதைச் சொல்கிறோம், நானும்தான். 2027 பிப்ரவரியில் மறுபடி மக்களை எண்ணப் போகிறார்கள். அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லி இரண்டு மாநில எம்.பி.க்களும் கேட்க வேண்டும்.

கட்டடம் ஒட்டி வளர்ந்தால்தான் ஒரே நகரம் என்ற அளவுகோலைப் பற்றி எனக்கு ஒரு பயமும் உண்டு. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவில் ரோட்டின் வடபக்கம் மலையும் காடும். யானை தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற வழி அது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டுச் செத்தன, அதில் ஒன்று சினையாக இருந்தது. நான் மறுநாள் அந்த வழியாகப் போனேன், பஸ்ஸில் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் சுரங்கப்பாதைகள் கட்டினார்கள், 2024இல் மதுக்கரையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் வைத்து யானை வந்தால் ரயிலுக்குத் தகவல் போகிறது. நல்ல காரியம். இப்போது அந்த ரோட்டோரம் முழுக்க லேஅவுட் கற்கள் நட்டிருக்கிறார்கள், கோவை–கொச்சி பெருநகரத்தின் இதயம் என்று போர்டு. அந்த இடைவெளி நிரம்பினால்தான் நாம் ஒன்று என்றால், யானைக்கும் நமக்கும் இரண்டு பேருக்குமே அது கேடு. காடு காடாக இருக்கட்டும், அதன் வழியே போகிற ரயில் மெதுவாகப் போகட்டும், ஆனால் நிறைய ஓடட்டும். நடுவில் வெறும் நிலம் இருப்பதால் எந்த ஊரும் பிரிந்துபோவதில்லை.

1956க்கு முன்னால் பாலக்காடு டவுன் மலபார் மாவட்டத்தில், கோவையைப் போலவே மதராஸில்தான் இருந்தது, மறுபடி அப்படிச் சேர்க்க வேண்டும் என்று சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. எங்கள் சித்தூர் அப்போதும் கொச்சி ராஜ்ஜியத்தில், 1949க்கு அப்புறம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது, எங்களுக்கு எல்லை புதிதும் இல்லை. கேரளம் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறது, நல்ல ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்திருக்கிறது. நான் கேரளத்துக்காரி, தமிழச்சி, கோவையில் வேலை பார்க்கிறவள். இதில் எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். எல்லை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். தண்ணீருக்குப் போட்ட மாதிரி பஸ், ரயில், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் இரண்டு மாநில அதிகாரிகளும் மாதம் ஒரு முறை கூடுகிற ஒரு குழு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கோவை, பாலக்காடு ஆட்சியர்கள் இருவரும் நினைத்தால் தொடங்கிவிடலாம். பஸ் ஒப்பந்தத்தில் நெடுந்தூரக் கிலோமீட்டரைத் தொடாமல், எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் வரைக்கும் இரண்டு பக்கத்து டவுன் பஸ்ஸும் போய்வரலாம் என்று தனியாக ஒரு வரி சேர்த்தால் போதும். கோபாலபுரம், மீனாட்சிபுரம், வாளையார் பக்கத்து ஜனங்களுக்கும் அதில் வழி கிடைக்கும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒன்று கேட்க வேண்டும். கேரள எல்லை என்றால் கழிவு ஏற்றி வந்த லாரி பிடிபட்டது, கஞ்சா பிடிபட்டது, யானை வந்தது என்பதற்கு மேல் செய்தி வருவதில்லை. ஒரு நிருபரை ஒரு வாரம் எங்கள் பக்கம் அனுப்புங்கள். காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் நின்று, போகிறவர்களிடம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன வேலைக்கு, எவ்வளவு செலவில் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அரசாங்கம் கேட்காத கேள்வியை ஒரு பத்திரிகை கேட்டு அச்சடித்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு கலெக்டர் ஆபீஸுக்கும் போய் நிற்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்